காம்பேஷுக்கு வந்து சேராத கணக்கு: ஹைட்டி நிலநடுக்க நிதியும் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கமும்

ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் செங்குத்தான மலைச்சரிவில் ஏறிப் பரந்திருக்கும் ஒரு குடியிருப்பின் பெயர் காம்பேஷ். துருப்பிடித்த தகரம் போட்ட வீடுகள் நிறைய. குடிநீர், கழிவறை, மின்சாரம் எதுவும் நிச்சயமில்லாத இடம். 2015இல் அமெரிக்கச் செய்தியாளர்கள் அங்கே போனார்கள். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் உள்ளூர் மக்களின் கருத்தைக் கேட்பதற்கென்று அமைத்திருந்த குழுவின் தலைவரைச் சந்தித்து, ஒரு தாளைக் காட்டினார்கள். சங்கத்தின் இணையதளத்தில் கிடந்த ஆங்கிலச் செய்திக்குறிப்பு அது. காம்பேஷில் நடக்கும் திட்டத்தின் மதிப்பு 2 கோடியே 40 லட்சம் டாலர் என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த ஆண்டு திட்டம் முடிந்துவிடும் என்றும் இருந்தது.

அவருக்கு இரண்டுமே அன்றுதான் தெரிந்தது. முடிவுத் தேதியைத் தாங்கள் முன்பே சொல்லியிருந்ததாகச் சங்கம் பின்னர் பதில் தந்தது.

தொண்டு நிறுவனங்களின் அங்கீகாரம், வெளிப்படைத்தன்மை, தரநிலை என்று எத்தனையோ ஆவணங்களைப் படித்த பிறகும் என் நினைவில் முதலில் வருவது இந்தக் காட்சிதான். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. தொகை உலகம் முழுவதும் பார்க்கக்கூடிய இணையதளத்தில் இருந்தது. ஆனால் அது வாஷிங்டனில் இருப்பவருக்காக, அவருடைய மொழியில் எழுதப்பட்டிருந்தது. யாருக்காகப் பணம் திரட்டப்பட்டதோ அவருக்கு அது எட்டவில்லை. இந்த நிகழ்வை இங்கே விரித்து எழுதுவதற்குக் காரணம் அதுவே.

வந்த பணம்

2010 ஜனவரி 12 மாலை, தலைநகருக்கு மேற்கே லியோகான் நகருக்கு அருகில் 7.0 அளவில் நிலம் நடுங்கியது. இறந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்பது ஹைட்டி அரசின் கணக்கு. குறைத்துச் சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு. ஏறத்தாழ 15 லட்சம் பேர் வீடிழந்தனர். ஒரு சில நொடிகளில் தலைநகரின் பெரும்பகுதி சரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

அமெரிக்காவில் கைப்பேசியில் ‘ஹைட்டி’ என்று தட்டி ஓர் எண்ணுக்கு அனுப்பினால் 10 டாலர் நன்கொடை போய்ச் சேர்ந்துவிடும். குறுஞ்செய்தி வழியாக மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்தது. கைப்பேசி வழி நன்கொடை என்ற பழக்கமே பெருமளவில் வேரூன்றியது அந்த வாரத்தில்தான். மொத்தமாக அந்தச் சங்கம் ஹைட்டிக்காகத் திரட்டியது சுமார் 48.8 கோடி டாலர். வேறு எந்தத் தொண்டு நிறுவனமும் அந்த அளவைத் தொடவில்லை.

இந்த வெள்ளம்தான் முதல் சிக்கல் என்று நான் நினைக்கிறேன். 2004 டிசம்பர் சுனாமியின்போது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரு வாரத்துக்குள்ளேயே, ‘சுனாமிக்கென்று எங்களால் செலவிட முடிந்த அளவு பணம் வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம்’ என்று அறிவித்தது. அப்போது பல நிறுவனங்களுக்கு அது கோபத்தை மூட்டியது. நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையோரத்திலும் அடுத்த இரண்டாண்டுகள் நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு படகும் வீடும் கொடுத்ததை அறிந்தவர்களுக்கு அந்த அறிவிப்பின் நேர்மை விளங்கும். தன்னால் செய்ய முடிந்தது எவ்வளவு என்று தெரிந்து கையை மடக்கிக்கொள்வதும் நன்கொடையாளருக்குக் காட்டும் வெளிப்படைத்தன்மைதான். ஹைட்டியில் செஞ்சிலுவைச் சங்கம் கையை மடக்கவில்லை. நிவாரணத்தில் பழக்கப்பட்ட அமைப்பு, பழக்கமில்லாத நகர மறுகட்டுமானத்தில் அரை நூறு கோடி டாலரோடு இறங்கியது.

ஆறு வீடுகள்

காம்பேஷ் திட்டத்துக்கு லமிகா என்று பெயர். ஹைட்டி மக்கள் பேசும் கிரியோல் மொழியில் ‘என் பகுதியில் நல்வாழ்வு’ என்று பொருள்படும் சொற்றொடரின் சுருக்கம் அது. தொடக்கத் திட்டத்தில் வீடு கட்டுவதே மையம். சங்கத்தின் உள் ஆவணம் ஒன்று 700 வீடுகள் என்று சொன்னது: சிமெண்டுத் தரை, கழிவறை, குளியலறை, மழைநீர் சேகரிப்பு எல்லாம் சேர்த்து. 2013 ஜனவரிக்குள் முடிக்க வேண்டும்.

காம்பேஷில் ஒரு வீடும் எழவில்லை. 2015 ஜூனில் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் என்.பி.ஆர். வானொலியும் சேர்ந்து வெளியிட்ட புலனாய்வு, ஹைட்டி முழுவதிலும் சங்கம் கட்டிய நிரந்தர வீடுகள் ஆறுதான் என்றது. அந்த எண் உலகெங்கும் தலைப்பானது.

ஆறு என்ற அந்த எண் உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்துப் பேசினால் சங்கத்துக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். உணவு, தற்காலிகக் கூடாரம், காலரா தடுப்பு, குடிநீர், மருத்துவமனை உதவி என்று பணம் பல வழிகளில் போனது. ஹைட்டியில் நிலத்துக்குப் பட்டா தேடுவது பெரும்பாடு. ஒரே துண்டு நிலத்துக்கு மூன்று பேர் ஆவணம் காட்டுவார்கள், நிலப் பதிவேடு முழுமையாக இல்லை. வீடு கட்டாததற்குச் சங்கம் சொன்ன முக்கியக் காரணம் இதுதான். பொய்க் காரணம் அல்ல. ஆனால் அதே நிலச் சிக்கலைச் சந்தித்த பிற அமைப்புகள் எல்லாம் சேர்ந்து கடைசியில் 9,000 வீடுகளைக் கட்டின.

என்னை உறுத்துவது ஆறு என்ற எண்ணைவிட 1,30,000 என்ற எண். இத்தனை பேருக்கு வீடு கிடைக்கச் செய்ததாகச் சங்கம் சொல்லிவந்தது. அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, சேதமான வீட்டைத் தாங்களே பழுதுபார்ப்பது எப்படி என்ற பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். தற்காலிக வாடகை உதவி பெற்றவர்கள் இருந்தார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் உளுத்துப்போகும் தற்காலிகக் குடில் பெற்ற ஆயிரக்கணக்கானவர்களும் இருந்தார்கள். வாடகை உதவி ஒரு குடும்பத்துக்கு உயிர்காக்கும் உதவிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை ‘வீடு’ என்ற தலைப்பின் கீழ் எழுதினால், படிக்கும் நன்கொடையாளர் மனத்தில் எழும் சித்திரம் செங்கல் சுவரும் கூரையும்தானே? ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ‘யாரை எண்ணினோம், எதற்காக எண்ணினோம்’ என்ற வரையறை இல்லாவிட்டால் ஆண்டறிக்கை வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

ஒரு டாலரில் 91 சென்ட்

தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் தொழிலில் எல்லாரும் முதலில் கேட்பது, ‘நூறு ரூபாய் கொடுத்தால் எவ்வளவு போய்ச் சேரும்?’ என்பது. அமெரிக்காவில் இதற்கென்றே அமைப்புகள் உண்டு. நட்சத்திரங்கள் தரும் சேரிட்டி நேவிகேட்டர் 2001 முதல் இருக்கிறது. பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் 20 தரநிலைகளை வைத்து அங்கீகாரம் தருகிறது. மொத்தச் செலவில் குறைந்தது 65 சதவீதம் திட்டப் பணிகளுக்குப் போக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. திரட்டிய நன்கொடையில் 35 சதவீதத்துக்கு மேல் நிதி திரட்டவே செலவாகக் கூடாது என்பது இன்னொன்று.

செஞ்சிலுவைச் சங்கம் தன் பங்குக்கு, நன்கொடையாளர் தரும் ஒவ்வொரு டாலரிலும் 91 சென்ட் சேவைக்குப் போகிறது என்று சொல்லிவந்தது. 65 எங்கே, 91 எங்கே! தாராளமாகத் தேறும் மதிப்பெண். சங்கத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி கெயில் மெக்கவர்ன் இதைப் பொது மேடைகளிலும் சொன்னார்.

2014 டிசம்பரில் அதே இரு செய்தி நிறுவனங்கள் இந்த எண்ணைக் கிளறின. அப்போது வெளிவந்தது இது: சங்கத்தின் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரத்த வங்கித் தொழில். தானமாகப் பெறும் ரத்தத்தைப் பதப்படுத்தி மருத்துவமனைகளுக்கு விலைக்குக் கொடுப்பது. அந்தப் பணம் நன்கொடை அல்ல, வருவாய். இருநூறு கோடி டாலரைத் தாண்டும் அந்தத் தொழிற்செலவையும் வகுத்தலில் சேர்த்தால், நிதி திரட்டும் செலவு சிறுத்துப்போய்த் தெரியும். ‘தரும் ஒவ்வொரு டாலரிலும்’ என்பது வேறு. ‘செலவிடும் ஒவ்வொரு டாலரிலும்’ என்பது வேறு. கேள்வி எழுந்த பிறகு சங்கம் அந்த வாசகத்தை இணையதளத்திலிருந்து நீக்கியது.

இதில் கணக்குப் புத்தகத்தைத் திருத்திய குற்றம் எதுவும் இல்லை. தணிக்கையாளர் கையெழுத்திட்ட எண்கள்தான். விகிதம் என்பது கீழே எதைப் போட்டு வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்ற எளிய உண்மையை மதிப்பெண் தருபவர்கள் கவனத்தில் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஹைட்டிப் பணத்தில் இன்னொரு சிக்கல், அடுக்குகள். அங்கே பல பணிகளைச் சங்கம் நேரடியாகச் செய்யவில்லை. வேறு அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தது. அப்படிக் கொடுத்த முழுத் தொகையும் சங்கத்தின் புத்தகத்தில் திட்டச் செலவாக ஏறும். வாங்கிய அமைப்பு அதிலிருந்து தன் நிர்வாகச் செலவைக் கழித்துக்கொள்ளும். குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம் ஒன்றில், இடையிலிருந்த செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 26 சதவீதத்தைத் தன் நிர்வாகம், நிதி, பணியாளர் செலவுகளுக்கு எடுத்துக்கொண்டது. களத்தில் வேலை செய்தவை சுவிட்சர்லாந்து, ஸ்பெயின் நாடுகளின் செஞ்சிலுவைச் சங்கங்கள். இது போக, பிறருக்குக் கொடுத்த திட்டங்களைத் தான் மேற்பார்வையிடும் செலவையும் அமெரிக்கச் சங்கம் ‘திட்டச் செலவு’ என்றே எழுதியது. ஒரு திட்டத்தில் அது மேலும் 24 சதவீதம்.

ஒவ்வோர் அடுக்கும் தன் கணக்கைச் சரியாகவே எழுதியிருக்கலாம். வாய்க்காலின் தலைமடையில் எவ்வளவு திறந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. கடைமடை வயலுக்கு எவ்வளவு பாய்ந்தது என்பதை அளக்க யாரும் அங்கே நிற்கவில்லை.

கேட்கும் உரிமை யாருக்கு?

சட்டப்படி ஒரு அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஆண்டுதோறும் 990 என்ற வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பணிகளுக்கு அதில் தனி இணைப்பு உண்டு. ஆனால் அந்த இணைப்பு கேட்பது நாட்டை அல்ல, மண்டலத்தை. ஹைட்டிக்குப் போன டாலர் ‘மத்திய அமெரிக்காவும் கரீபியனும்’ என்ற வரியில் கரைந்துவிடும். பணம் பெற்ற வெளிநாட்டு அமைப்பின் பெயரும் பொதுப் பார்வைக்கு வராது. ஆபத்தான இடங்களில் வேலை செய்யும் அமைப்புகளின் பாதுகாப்பை நினைத்தால் பெயரை மறைப்பதில் நியாயம் உண்டு. நாட்டை மறைப்பதற்கு என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

செஞ்சிலுவைச் சங்கம் சாதாரணத் தொண்டு நிறுவனமும் அல்ல. 1900 முதல் நாடாளுமன்றப் பட்டயத்தின் கீழ் இயங்குவது. பேரிடரில் அரசின் கையாக நிற்பது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ‘சுதந்திர நிதி’ என்ற பெயரில் 50 கோடி டாலருக்கு மேல் திரட்டியபோது, அதில் ஒரு பெரும் பகுதியை எதிர்காலத் தேவைகளுக்கு ஒதுக்கி வைக்க முயன்றது. மக்கள் கொதித்தார்கள், நாடாளுமன்றக் குழு விசாரித்தது, நவம்பரில் சங்கம் பின்வாங்கி முழுத் தொகையையும் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களுக்கே என்று அறிவித்தது. அப்போதைய தலைவர் பெர்னடைன் ஹீலி பதவி விலகினார். குறிப்பிட்ட நோக்கத்துக்கு வாங்கிய பணத்தின் கணக்கு என்பது இந்தச் சங்கத்துக்குப் புதிய பாடம் அல்ல.

நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., மக்களவை உறுப்பினர் பென்னி தாம்சனின் கோரிக்கையின் பேரில் சங்கத்தின் உள்நாட்டுப் பேரிடர்ப் பணியை ஆராயத் தொடங்கியது. 2014 ஜூனில் மெக்கவர்ன் அவருக்கு எழுதி, அந்த விசாரணையை நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டார். அதே காலத்தில்தான் சாண்டி புயல் நிதியின் செலவு விவரங்களில் ஒரு பகுதியை ‘வணிக ரகசியம்’ என்று கூறி வெளியிட வேண்டாம் என்று சங்கத்தின் வழக்கறிஞர்கள் நியூயார்க் மாநில அரசைக் கேட்டிருந்ததும் வெளிவந்தது. மக்கள் மனமிரங்கிக் கொடுத்த பணத்தின் செலவை வணிக ரகசியம் என்று சொல்லலாமா? எனக்கு இதை ஏற்க முடியவில்லை. விசாரணை நிற்கவில்லை. 2015 செப்டம்பரில் வந்த ஜி.ஏ.ஓ. அறிக்கை, சங்கத்தின் பேரிடர்ப் பணியை வெளியார் ஒழுங்காக மதிப்பிட்டு முடிவுகளைப் பொதுவில் வைக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது.

ஹைட்டிப் பணத்தைத் தோண்டியவர் செனட்டர் சக் கிராஸ்லி. ஏறத்தாழ ஓராண்டு கேள்விகளும் பதில்களும் போய்வந்தன. 2016 ஜூனில் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி, திரட்டிய பணத்தில் சுமார் 25 சதவீதம், ஏறத்தாழ 12.5 கோடி டாலர், சங்கத்தின் உள்செலவுக்குப் போயிருந்தது. நிர்வாகமும் நிதி திரட்டலும் 9 சதவீதம். மீதி, திட்ட மேற்பார்வை என்ற பெயரில். அந்த மேற்பார்வை உண்மையில் நடந்தது என்று காட்டக் கணக்கு வழியான சான்று சங்கத்திடம் இல்லை என்றது அறிக்கை. ஒவ்வொரு திட்டத்துக்கும் உண்மையில் எவ்வளவு செலவானது என்பதைச் சங்கத்தாலேயே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. தான் நடந்துகொண்ட விதத்தைச் சங்கம் நியாயப்படுத்தியது. ஹைட்டி போன்ற கடினமான இடத்தில் கண்காணிப்புக்குச் செலவாகத்தான் செய்யும் என்றது.

அந்த வாதத்தை நான் அப்படியே தள்ளிவிடமாட்டேன். நிர்வாகச் செலவே தீமை என்று நினைப்பது தவறு. கணக்கர் இல்லாத, பொறியாளர் இல்லாத, கிரியோல் பேசும் பணியாளர் இல்லாத மலிவான தொண்டு நிறுவனம் ஏழைக்கு நல்லது செய்யாது. உள்செலவு 25 சதவீதம் என்பதே குற்றம் இல்லை. 91 சென்ட் என்று சொல்லிவிட்டு 25 சதவீதத்தை விளக்க முடியாமல் நின்றதுதான் குற்றம்.

முத்திரைகள் எதைப் பார்க்கின்றன

மனிதாபிமான உதவிக்கு அங்கீகாரம் வேண்டுமா என்ற விவாதம் ஹைட்டியில் தொடங்கியதல்ல. 1994இல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின், எல்லைக்கு அப்பால் இன்றைய காங்கோவில் உள்ள கோமா நகரின் அகதி முகாம்களில் காலராவும் வயிற்றுப்போக்கும் பல்லாயிரம் பேரைக் கொன்றன. உதவ வந்த நூற்றுக்கணக்கான அமைப்புகளில் பல, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் வந்தவை. 1996இல் வெளிவந்த பலநாட்டுக் கூட்டு மதிப்பீடு இதை ஒளிவின்றிச் சொல்லி, தொண்டு நிறுவனங்களுக்குத் தரக் கட்டுப்பாடு வேண்டும் என்றது. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் நீர், இத்தனை பேருக்கு ஒரு கழிவறை என்று அளவு வகுத்த ஸ்பியர் திட்டம் 1997இல் தொடங்கியது அதன் தொடர்ச்சியாகத்தான். 2014 டிசம்பரில் கோபன்ஹேகனில் மனிதாபிமான அடிப்படைத் தரநிலை வெளியானது. அதில் ஒன்பது உறுதிமொழிகள். அதற்கு முன்பே, 1994இல், செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து எழுதிய பத்து அம்ச நடத்தை நெறியின் ஒன்பதாவது அம்சம், உதவி பெறுவோர், பணம் தருவோர் ஆகிய இரு தரப்புக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள் என்கிறது.

உதவி பெறுவோரை முதலில் வைத்து, பணம் தருவோரை அடுத்து வைத்த வாக்கியம் அது. செஞ்சிலுவை இயக்கமே கையெழுத்திட்டது.

நட்சத்திரம், முத்திரை, 65 சதவீதம் எல்லாம் இரண்டாம் தரப்புக்கானவை. அலுவலகத்தில் உட்கார்ந்து வரிப் படிவத்தையும் ஆண்டறிக்கையையும் பார்த்து முடித்துவிடக்கூடியவை. அடிப்படைத் தரநிலையின் 2014 வடிவில் இருந்த நான்காவது உறுதிமொழி வேறு விதமானது: பாதிக்கப்பட்ட மக்களுக்குத் தங்கள் உரிமை தெரிந்திருக்க வேண்டும், தகவல் எட்ட வேண்டும், முடிவுகளில் பங்கு வேண்டும், தகவல் அவர்களுக்குப் புரியும் மொழியில், புரியும் வடிவில் இருக்க வேண்டும். ஐந்தாவது, புகார் சொல்ல வழி. இவற்றைச் சரிபார்க்க ஜெனீவாவில் 2015இல் எச்.க்யூ.ஏ.ஐ. என்ற தனி அமைப்பு உருவானது. அதன் தணிக்கையாளர்கள் களத்துக்குப் போய் மக்களிடம் கேட்டுத்தான் சான்று தருகிறார்கள். செலவு பிடிக்கும் வேலை. அதனால் சின்ன உள்ளூர் அமைப்புகள் அந்தச் சான்றைப் பெறத் திணறுகின்றன என்பது நியாயமான குறை. ஹைட்டியிலேயே, மக்களுக்கு மிக அருகில் இருந்தவை சான்றிதழ் எதுவும் இல்லாத அமைப்புகள்தான்.

காம்பேஷ் காட்சியை நினைக்கும்போதெல்லாம் நம்மூர்ச் சாலையோரங்களில் நிற்கும் பலகைதான் எனக்கு நினைவுக்கு வரும். திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதி, எந்த ஆண்டு என்று தமிழில் எழுதி, மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்திலோ சிமெண்டுச் சாலை முனையிலோ நட்டிருப்பார்கள். பலகை நட்ட இடத்திலெல்லாம் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்துவிட்டு, ‘இந்த ரோட்டுக்கா இவ்வளவு?’ என்று கேட்க முடிகிறது. ராஜஸ்தானில் 1994இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தொடங்கிய பொது விசாரணைகள் இந்தக் கேள்வியை ஊர் நடுவில், செலவுப் பட்டியலை உரக்கப் படித்துக் கேட்டன. வேலை உறுதித் திட்டச் சட்டத்தில் மக்கள் தணிக்கை இடம்பெற்றதற்கு அதுவே மூலம். காம்பேஷின் ஏற்றப் பாதையில் கிரியோல் மொழியில் ‘லமிகா, 700 வீடுகள், 2.4 கோடி டாலர், 2013 ஜனவரி’ என்று ஒரு பலகை 2011இலேயே நின்றிருந்தால், வாஷிங்டனிலிருந்து யாரும் வந்து தாள் காட்டவேண்டிய தேவை இருந்திருக்காது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் குழுத் தலைவர் கேட்டிருப்பார்.

மேத்யூ புயல்

2016 அக்டோபர் 4 அன்று மேத்யூ புயல் ஹைட்டியின் தென்மேற்கு மூலையைத் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், கூரைகள் பறந்தன, காலரா மீண்டும் பரவியது. அமெரிக்காவிலும் ஹைட்டியிலும் இருந்த ஹைட்டி மக்கள் சமூக ஊடகங்களில் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பரப்பினார்கள். ஒன்று, உதவுங்கள். மற்றொன்று, அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்பாதீர்கள். அதற்குக் கீழே, தங்கள் ஊரில் இயங்கும், தாங்களே நேரில் போய்க் கேள்வி கேட்கக்கூடிய உள்ளூர் அமைப்புகளின் பட்டியல்.